வண்டலூர் பட்டியலில் "1.0 வரவு, 0.2 அனுப்பியது": விலங்குப் பரிமாற்றம் உண்மையில் எப்படி நடக்கிறது?

கெடிலக்கரை (கடலூர்)

வணக்கம். எங்கள் ஊர்ப் பள்ளி இயற்கை மன்றப் பிள்ளைகள் வண்டலூருக்கும் வடநெம்மேலி முதலைப் பண்ணைக்கும் போகிறார்கள். கையில் கொடுக்க நாலு பக்கக் கையேடு தயாராகிறது. அதற்காக மத்திய உயிரியல் பூங்கா ஆணையத்தின் ஆண்டு இருப்புப் பட்டியலை எடுத்துப் பார்த்தேன். மார்ச் 31 நிலவரப்படி தொடக்க இருப்பு, பிறப்பு, வரவு, அனுப்பியது, இறப்பு, முடிவு இருப்பு என்று கட்டங்கள். ஒவ்வொன்றிலும் ஆண், பெண், பால் தெரியாதது என்று மூன்று எண்கள். இதுவரை புரிகிறது.

புரியாதது இதுதான். ஒரே இனத்தை ஒரே ஆண்டில் அனுப்பவும் செய்கிறார்கள், வாங்கவும் செய்கிறார்கள். இருப்பதையே வைத்துக்கொண்டால் என்ன? இதை யார் முடிவு செய்கிறார்கள், இரண்டு பூங்கா இயக்குநர்கள் பேசிக்கொண்டால் போதுமா? "புது விலங்கு வந்தது" என்று செய்தி வந்து மூன்று வாரம் கழித்துப் போனாலும் கூண்டில் காணோமே, ஏன்? மானும் முதலையும் பெருகிவிட்டன என்கிறார்கள், காட்டில் விட்டால் ஆகாதா? கடைசியாக, பிள்ளைகள் கட்டாயம் கேட்கப் போகிற கேள்வி: கடலூரிலோ பாண்டியிலோ ஏன் ஒரு உயிரியல் பூங்கா இல்லை?

பொதுவாகச் சொல்லாமல் விவரமாகச் சொன்னால் நன்றி.

ஊசுட்டேரி நாரை (புதுச்சேரி)

அந்த மூன்று எண்ணைச் சரியாகப் படித்தாலே உங்கள் முதல் கேள்விக்குப் பாதி பதில் கிடைத்துவிடும். 2.3.1 என்றால் 2 ஆண், 3 பெண், பால் தெரியாத 1. உலகம் முழுக்க இதே வரிசைதான். 1.0 (ஓர் ஆண்) வந்து 0.2 (இரண்டு பெண்) போயிருக்கிறது என்றால் மொத்தத்தில் ஒன்று குறைந்திருக்கிறது. ஆனால் வந்தது வேறு இரத்த வழி ஆண், போனவை இங்கேயே பிறந்த அக்கா தங்கைகள் என்றால், அந்தப் பூங்காவுக்கு அது பெரிய லாபம்.

கணக்கைச் சொல்கிறேன், கையேட்டில் போடலாம். அண்ணன் தங்கை கூடிப் பிறக்கும் குட்டியின் உட்கலப்பு எண், அதாவது பெற்றோர் எவ்வளவு நெருங்கிய உறவு என்பதைக் காட்டும் எண், 0.25. அப்பா மகள் கூடினாலும் அதே 0.25. ஒரு பெற்றோரை மட்டும் பகிரும் உடன்பிறப்புகள் என்றால் 0.125, உடன்பிறந்தார் பிள்ளைகள் கூடினால் 0.0625. எண் ஏற ஏறக் குட்டி இறப்பும் மலட்டுத்தன்மையும் நோய்க்குத் தாங்காமையும் ஏறும். இன்னொரு கணக்கு: காட்டிலிருந்து வந்த ஒரு ஜோடியை மட்டும் வைத்து ஒரு கூட்டத்தைத் தொடங்கினால், காட்டு இனத்தின் மரபு வேற்றுமையில் 75 சதவீதம்தான் அடுத்த தலைமுறைக்குப் போகும். உறவில்லாத 5 விலங்குகள் என்றால் 90, 10 என்றால் 95, 20 என்றால் 97.5. பத்துக்கு மேல் போனால் கூடுதல் லாபம் குறைவுதான், ஆனால் ஒரு ஜோடிக்கும் ஐந்துக்கும் உள்ள வித்தியாசம் மலையளவு. எந்தப் பூங்காவும் தனியாக 20 உறவில்லாத புலிகளை வைத்திருக்க முடியாது. அதனால் பல பூங்காக்களையும் சேர்த்து ஒரே மந்தையாகப் பாவித்து, தேவையானதை இடம் மாற்றுகிறார்கள். பரிமாற்றம் என்பதன் அடிப்படை அதுதான், காட்சிக்குப் புதுமை சேர்ப்பது இரண்டாம் பட்சம்.

யாருக்கு யார் ஜோடி என்பதற்கு வம்சாவளிப் பதிவேடு உண்டு, ஸ்டட்புக் என்பார்கள். தேசிய அளவில் இந்திய வனவிலங்கு நிறுவனம் ஆணையத்தோடு சேர்ந்து தயாரிக்கிறது. சில இனங்களுக்கு ஒரு பூங்கா பொறுப்பேற்று ஒருங்கிணைக்கும். சிங்கவால் குரங்குக்கு வண்டலூர், செந்நாய்க்கு விசாகப்பட்டினம், சருகுமானுக்கு ஐதராபாத், பனிச்சிறுத்தைக்கும் சிவப்பு பாண்டாவுக்கும் டார்ஜிலிங், ஆசியச் சிங்கத்துக்கு ஜூனாகத் சக்கர்பாக்.

சிங்கவால் குரங்கையே எடுத்துக்கொள்ளுங்கள். காட்டில் பெண்கள் பிறந்த கூட்டத்திலேயே இருக்கும், வளர்ந்த ஆண்தான் வேறு கூட்டம் தேடிப் போகும். ஆகவே பூங்காக்களுக்கு இடையிலும் ஆணை மாற்றுவதே முறை. தாய், மகள், பேத்தி என்று பின்னியிருக்கும் கூட்டத்திலிருந்து ஒரு பெண்ணைப் பிரித்து அனுப்பினால் இரண்டு இடத்திலும் சண்டை வரும். புதிய ஆண் நுழைகிறபோது கைக்குழந்தையோடு தாய்கள் இருந்தால் குட்டியைக் கொன்றுவிடும் ஆபத்து உண்டு என்பதால் குட்டிகள் பால் மறக்கும்வரை காத்திருப்பார்கள். பட்டியலில் இந்த இனத்துக்கு மட்டும் ஆண் எண் அடிக்கடி மாறுவதைப் பார்த்தால் காரணம் இதுதான்.

அனுமதி விஷயம். இயக்குநர்கள் பேசிக்கொள்வது தொடக்கம் மட்டுமே. 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி ஆணையத்தின் அங்கீகாரம் இல்லாமல் பூங்கா நடத்தவே முடியாது. அதன் முன்அனுமதி இல்லாமல் விலங்கை வாங்கவோ கொடுக்கவோ முடியாது, அதுவும் அங்கீகாரம் பெற்ற பூங்காவோடு மட்டும்தான். ஆணையம் 1992-ல் வந்தது. விண்ணப்பத்தில் விலங்கின் அடையாள எண், வயது, பால், பெற்றோர், போகிற இடத்தில் அடைப்பு தயாரா, அங்கே ஏற்கெனவே எத்தனை என்பதெல்லாம் இருக்கும். பணத்துக்கு விற்பது என்ற பேச்சே இல்லை. பண்டமாற்று, அன்பளிப்பு, அல்லது இனப்பெருக்கக் கடன். கடன் என்றால் உரிமை பழைய பூங்காவுக்கே, பிறக்கும் குட்டிகள் யாருக்கு எந்த வரிசையில் என்பதை முதலிலேயே எழுதிக்கொள்ள வேண்டும். எழுதாமல் விட்டால் மூன்றாவது குட்டி பிறக்கும்போது கடிதப் போர் தொடங்கும். வெளிநாட்டிலிருந்து வருவதென்றால் இதற்கு மேல் சைட்டீஸ் (அருகிவரும் உயிரின வர்த்தக உடன்படிக்கை) அனுமதி, இறக்குமதி உரிமம், கால்நடைத் தனிமைப்படுத்தல் நிலையத்தின் சான்று எல்லாம் சேரும்.

ஒரு நல்ல விதியும் உண்டு. தக்க காரணம் இல்லாமல் எந்த விலங்கையும் ஓராண்டுக்கு மேல் துணையில்லாமல் வைத்திருக்கக் கூடாது. துணை கிடைக்காவிட்டால் துணை இருக்கும் இடத்துக்கு அனுப்ப வேண்டும். "அந்த ஒற்றைக் கரடி எங்கே போச்சு?" என்று பிள்ளைகள் கேட்டால், பெரும்பாலும் இதுதான் பதில்.

குரும்பாபேட் கால்நடை (புதுச்சேரி)

வந்த விலங்கு ஏன் கண்ணில் படுவதில்லை என்பதை நான் எடுத்துக்கொள்கிறேன். குறைந்தது 30 நாள் தனிமைப்படுத்தல். அது முடிந்த பிறகும் நேராகக் காட்சிக்கு வராது, மற்ற விலங்குகளோடு அறிமுகம் செய்ய இன்னும் சில வாரம் ஆகும். ஆக, செய்தி வந்து இரண்டு மாதம் கழித்துப் போங்கள்.

அந்த 30 நாளில் செய்வது: சாணப் பரிசோதனை ஒருமுறை போதாது, நாலைந்து நாள் இடைவெளியில் மூன்று முறை. ஒட்டுண்ணியின் முட்டை தினமும் வெளியேறாது. மானுக்குக் கழுத்துத் தோலில் காசநோய்ச் சோதனை ஊசி போட்டு 72 மணி நேரம் கழித்து வீக்கத்தை அளக்க வேண்டும். குரங்குக்குக் கண் இமையில் போட்டு 24, 48, 72 மணியில் பார்ப்பார்கள், இமை என்றால் மறுபடி பிடிக்காமல் தூரத்திலிருந்தே பார்த்துவிடலாம். புலி, சிங்கத்துக்கு கண்ணாடித் தகட்டில் பூசிய இரத்தத்தில் ட்ரிப்பனசோமா, பபீசியா என்ற இரத்த ஒட்டுண்ணிகளைத் தேடுவோம். 2000 ஜூலையில் ஒடிசாவின் நந்தன்கானனில் 12 புலிகள் செத்தது ட்ரிப்பனசோமா நோயால்தான், கடி ஈக்கள் பரப்பும் கிருமி அது. பறவைக்குப் பறவைக்காய்ச்சல், கிளி வகைக்குக் கூடுதலாக சிட்டகோசிஸ் என்ற கிளிக்காய்ச்சல். தனிமைப் பகுதிக்கென்று தனிக் காப்பாளர், தனி பூட்ஸ், தனி வாளி, தனித் துடைப்பம். ஆள் பற்றாக்குறை என்று ஒரே காப்பாளரை இரண்டு பக்கமும் அனுப்பினால் 30 நாளும் வீண். அப்படி அனுப்பியே ஆக வேண்டுமென்றால் காலையில் பழைய விலங்குகள், கடைசியில் தனிமைப் பகுதி, பிறகு குளித்து உடை மாற்றாமல் திரும்பி வரக் கூடாது.

நோய் வெளியிலிருந்து வரும் விலங்கால் மட்டும் வருவதில்லை என்பதையும் கையேட்டில் ஒரு வரி எழுதுங்கள். 2021 ஜூனில் வண்டலூர்ச் சிங்கங்களுக்குக் கொரோனா வந்து இரண்டு இறந்தன. பார்வையாளர் இருமிக்கொண்டே கம்பியோரம் நிற்பதும் ஒரு வழிதான்.

பயணத்தில்தான் அதிகம் தவறு நடக்கிறது. புலியின் கிரேட்டை (பயணப் பெட்டியை) அதன் இரவுக் கூண்டு வாசலில் இரண்டு மூன்று வாரம் முன்பே பொருத்தி, உள்ளே இறைச்சி வைத்துப் பழக்க வேண்டும். தானாக நுழைந்து தானாக வெளியே வரும் நிலைக்கு வந்த பிறகே கதவை மூடிப் பார்ப்பது. பழக்காமல் கடைசி நாளில் மயக்க ஊசி போட்டு ஏற்றினால் வழியில் வாந்தி எடுத்து மூச்சுக்குழாயில் இறங்கும், வெயிலில் உடல் வெப்பத்தைக் கட்டுப்படுத்தும் திறனும் மயக்கத்தில் போய்விடும். கிளம்புவதற்கு முந்தின நாள் இறைச்சி கிடையாது, தண்ணீர் உண்டு. வண்டி சாயங்காலம் கிளம்பி இரவில் ஓட வேண்டும். கத்திரி வெயிலில் எதையும் அனுப்பாமல் இருப்பதே உத்தமம்.

மான் இன்னும் கடினம். கிரேட்டில் திரும்ப முடியாத அகலம், தலை தூக்கி நிற்கும் உயரம், உள்பக்கம் சாக்கும் வைக்கோலும் கட்டிய மெத்தை, வழுக்காத தரை, உள்ளே இருட்டு. காற்றுத் துளை கொம்பின் நுனி மாட்டாத அளவுக்குச் சின்னதாக இருக்கட்டும். கொம்பின் மேல் மென்தோல் இருக்கும் ஆணையும், நிறைமாத சினையையும் அனுப்பவே கூடாது. விரட்டிப் பிடித்தால் தசைச் சிதைவு வரும். ஓடிய மான் அன்று நன்றாகத்தான் நிற்கும். மறுநாள் பின்னங்கால் விறைக்கும், சிறுநீர் காப்பி நிறத்தில் போகும், இரண்டு மூன்று நாளில் விழும். அந்தக் கட்டத்தில் மருந்து பெரும்பாலும் பலிப்பதில்லை. அதனால் சில வாரம் தீவனம் வைத்துப் பழக்கிய பட்டிக்குள் தானாக வரவைத்து, நெரிசல் பாதை வழியாகக் கிரேட்டுக்குள் விடுவதே சரியான முறை.

தீவனத்தை யாரும் நினைப்பதில்லை. ஒரு பூங்காவில் கோ-4 புல்லும் அகத்தியும் தின்ற மானுக்கு இன்னொரு பூங்காவில் போனவுடன் குதிரைமசாலும் அடர்தீவனமும் கொட்டினால் வயிறு உப்பும், கழியும். பழைய தீவனத்தைக் கூடவே ஏற்றி, 7 முதல் 10 நாளில் கொஞ்சம் கொஞ்சமாக மாற்ற வேண்டும். அனுப்பும் பூங்காவின் காப்பாளர் கூடவே போய் மூன்று நாலு நாள் தங்குவது பலருக்குச் செலவாகத் தெரிகிறது. அந்த விலங்கு எந்தப் பக்கம் தலையைச் சாய்த்தால் உடம்பு சரியில்லை என்று அவருக்குத்தான் தெரியும்.

கெடிலக்கரை

நன்றிங்க, இரண்டு பேருக்கும். ஒரு சின்ன விளக்கம்: புலி ஜோடியைச் சேர்ப்பது எப்படி? "வந்த ஜோடி ஒரு வருஷமாகியும் சேரவில்லை" என்ற குறிப்பைப் பார்த்தேன். அப்புறம் மான், முதலை விஷயம் அப்படியே நிற்கிறது.

குரும்பாபேட் கால்நடை

முதலில் பக்கத்துப் பக்கத்து இரவுக் கூண்டு, நடுவில் கம்பி. ஒன்றின் படுக்கை வைக்கோலை இன்னொன்றின் கூண்டில் போட்டு வாசனை பழக்குவது. பிறகு ஒரே வெளி அடைப்பில் வேறு வேறு நேரம். இரண்டும் கம்பியோரம் வந்து மூக்கால் "பர்ர்" என்று ஊதினால் நட்பு. காது பின்னால் மடங்கி உறுமினால் இன்னும் காத்திருக்க வேண்டும். பெண் உருண்டு புரண்டு, கம்பியில் உரசி, அடிக்கடி கத்தினால் பருவத்தில் இருக்கிறது. அந்த சில நாளில்தான் ஒன்றாக விடுவது, அதுவும் காலையில், தண்ணீர்க் குழாயும் ஆட்களும் தயாராக வைத்துக்கொண்டு. சினை சுமார் 103 முதல் 105 நாள்.

சேராததற்குப் பல காரணம். சின்ன வயதிலிருந்து ஒன்றாக வளர்ந்த ஜோடி உடன்பிறப்புபோலப் பழகிவிடும். புட்டியில் பால் குடித்து வளர்ந்தது மனிதனையே சுற்றி வரும். பெண்ணுக்கு வயது தாண்டியிருக்கும். பறவையில் கூடுதலாக ஒரு கூத்து நடக்கும்: ஆணும் பெண்ணும் ஒரே மாதிரி இருக்கும் இனத்தில் இரண்டு ஆணை ஜோடி என்று நினைத்து வைத்திருப்பார்கள். இறகு அல்லது ஒரு சொட்டு இரத்தத்தில் டிஎன்ஏ பார்த்தால் தெரிந்துவிடும், அதைச் செய்யாமல் பரிமாற்றத்துக்கு ஒத்துக்கொள்ளவே கூடாது.

பிச்சாவரம் அலையாத்தி (சிதம்பரம்)

முதலை பற்றி நான் சொல்கிறேன், நம்ம பக்கத்து விலங்கு அது.

வடநெம்மேலிப் பண்ணை 1976-ல் ரோமுலஸ் விட்டேக்கர் முதலானோர் தொடங்கியது. அப்போது சதுப்புநில முதலை அருகிக்கொண்டிருந்தது, அடைப்பில் பெருக்கிக் காட்டில் விடுவதே நோக்கம். பெருக்குவது எதிர்பார்த்ததைவிட நன்றாக நடந்துவிட்டது. இந்த முதலை ஒரு ஈட்டுக்கு 25 முதல் 30 முட்டை இடும், அடைப்பில் நல்ல தீனி கிடைத்தால் ஒரே ஆண்டில் இரண்டு ஈடுகூட உண்டு. 1994-க்குப் பிறகு அடைப்பில் பிறந்த முதலைகளைக் காட்டில் விடுவது நிறுத்தப்பட்டது. அன்றிலிருந்து முட்டையைத் தோண்டி எடுத்து அழித்தால்தான் எண்ணிக்கை ஏறாது. 2022-ல் அங்கிருந்து சுமார் 1000 முதலைகளை குஜராத்தின் ஜாம்நகருக்கு மாற்றும் பணி தொடங்கியதும் இட நெருக்கடியால்தான். இட்டு முடித்த எல்லா முட்டையையும் பொரிக்கவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிட நல்ல பாடம் பிள்ளைகளுக்குக் கிடைக்காது.

"காட்டில் விட்டால் என்ன" என்பவர்கள் சிதம்பரம் பக்கம் வந்து பார்க்கட்டும். பழைய கொள்ளிடம், வாய்க்கால், குளம் என்று எங்கும் முதலை. ஊருக்குள் வந்ததை வனத்துறை பிடித்து வக்காரமாரி ஏரியில் விடுகிறது. கரையில் ஆடு மாடும் துணி துவைக்கும் பெண்களும் இருக்கும் நீர்நிலையில் மேலும் முதலையைக் கொண்டுபோய்க் கொட்டுவதற்கு இடம் எங்கே இருக்கிறது?

இன்னொரு நுணுக்கம். முதலையின் பாலை முட்டை இருக்கும் வெப்பம்தான் தீர்மானிக்கும். சதுப்புநில முதலையில் 28 முதல் 31 டிகிரி செல்சியஸ் வரை பெண், 32.5-ஐ ஒட்டி ஆண், 33-ல் இரண்டும் கலந்து வரும். அடைகாப்புப் பெட்டியில் ஒரு டிகிரி பிசகினால் மொத்த ஈடும் ஒரே பாலாகிவிடும். குஞ்சின் பாலை வெளியிலிருந்து சொல்ல முடியாது, அதனால்தான் பட்டியலில் முதலை வரிசையில் மூன்றாவது எண் மட்டும் 0.0.40 என்பதுபோல நிற்கும். குஞ்சுகளுக்கு வால் செதிலை வெட்டி எண் இடுவார்கள்: இத்தனையாவது செதில் என்றால் இந்த எண் என்று கணக்கு.

முதலையை அனுப்பும்போது ஒரு வாரம் தீனி நிறுத்தம், தாடைக்கு ரப்பர் பட்டை, கண்ணுக்கு ஈரத்துணி, ஈரச்சாக்கு விரித்த பெட்டி. பெட்டிக்குள் தண்ணீர் தேங்கவே கூடாது, கட்டிய வாயோடு மூழ்கிச் சாகும். வாயைத் திறக்கும் தசை பலவீனம் என்பதால் பட்டை போதும், இறுக்கிக் கம்பி கட்டுகிறவர்கள் தாடையைப் புண்ணாக்குகிறார்கள்.

மானைப் பொறுத்தவரை: கோவை வ.உ.சி. பூங்காவின் அங்கீகாரம் 2022-ல் போன பிறகு பறவை, பாம்பு, முதலைகளை வண்டலூர் போன்ற இடங்களுக்கு மாற்றினார்கள், புள்ளிமான்களைச் சிறுவாணி அடிவாரக் காட்டில் விட்டார்கள். காசநோய்ப் பரிசோதனை முடித்து, காட்டுத் தழையைத் தின்னப் பழக்கிய பிறகுதான் இப்படி விட முடியும். லாரியில் ஏற்றிக் கொண்டுபோய்த் திறந்துவிட்டால் காட்டு மான் கூட்டத்துக்கே நோயைப் பரப்பிவிடுவோம். பூங்காவுக்குள் பெருகாமல் இருக்க ஆண்களைத் தனிப் பட்டியில் பிரிப்பதே எளிய வழி.

பாகூர் ஏரி (புதுச்சேரி)

எல்லாம் சரி, ஆனால் கூட்டம் வருவது வெள்ளைப்புலிக்குத்தானே? நுழைவுக் கட்டணம் வந்தால்தான் மற்ற விலங்குக்குத் தீனி. வெள்ளைப்புலியைப் பெருக்கி மற்ற பூங்காவோடு மாற்றிக்கொள்வதில் என்ன தப்பு?

ஊசுட்டேரி நாரை

தப்பு இருக்கிறது சார். வெள்ளை நிறம் ஒரே ஒரு மரபணு மாற்றம், இரண்டு பெற்றோரிடமும் இருந்தால்தான் குட்டியில் தெரியும். 1951-ல் ரேவாவில் பிடித்த மோகன் என்ற ஆண்குட்டியை அதன் மகள் ராதாவோடு சேர்த்துத்தான் 1958-ல் முதல் வெள்ளைக் குட்டிகள் வந்தன. மேலே சொன்ன 0.25 கணக்கு அங்கேயே தொடங்கிவிட்டது. நந்தன்கானனில் 1980-ல் சாதாரண நிறப் பெற்றோருக்குப் பிறந்த வெள்ளைக்குட்டிகள் ஒரு தனி வழி, மற்றபடி பெரும்பாலானவை மோகன் குடும்பம்தான். மாறுகண் இவற்றில் சாதாரணம், கண்ணிலிருந்து மூளைக்குப் போகும் நரம்பே தவறாகப் பிரிந்திருக்கும். ஓர் அடைப்புக்கு ஒரு ஜோடிப் புலிக்கு விதி கேட்பது 1000 சதுர மீட்டர். அந்த 1000 சதுர மீட்டரை நிறத்துக்காக ஒதுக்கினால் காட்டு வழியுள்ள ஒரு வங்கப்புலி ஜோடிக்கு இடம் போச்சு. இருப்பதை நன்றாகப் பார்த்துக்கொள்ளட்டும், பெருக்க வேண்டாம்.

கெடிலக்கரை

நியாயம். கடைசிக் கேள்விக்கு யாராவது? கடலூர், பாண்டி பக்கம் ஏன் இல்லை? ஆரம்பித்தால் என்ன வேண்டும்?

பிச்சாவரம் அலையாத்தி

ஆணையத்தின் முன்அனுமதி இல்லாமல் அடிக்கல்கூட நாட்ட முடியாது. முழு வரைபடத் திட்டம், மருத்துவமனை, தனிமைப் பகுதி, உயிரியலாளர், ஆண்டுதோறும் ஓடும் செலவுக்குப் பணம் எங்கிருந்து என்பதெல்லாம் முதலிலேயே காட்ட வேண்டும். இடம்: புலிக்கு மேலே சொன்ன 1000, சிறுத்தை ஜோடிக்கு 500, சிங்கவால் குரங்குக்கு 500, கரடிக்கு 1000 சதுர மீட்டர். புலிக்கு இரவுக் கூண்டு ஒவ்வொன்றும் 2.75 மீட்டர் நீளம், 1.80 அகலம், 3 மீட்டர் உயரம். இது குறைந்தபட்சம்தான்.

நம்ம கடற்கரைக்கே உரிய சிக்கல் இரண்டு. ஒன்று உப்புக்காற்று. சாதாரண வெல்ட்மெஷ் கம்பிவலை ஒன்றிரண்டு மழைக்காலத்திலேயே இற்றுப்போகும், இற்ற கம்பியின் முனை தோலைக் கிழிக்கும். சூடான துத்தநாகத்தில் முக்கியெடுத்த வலை போட வேண்டும், பூட்டு, கீல், ஸ்க்ரூ எல்லாம் 316 ரகத் துருப்பிடிக்காத எஃகு. ஆனால் புதுத் துத்தநாக வலையைக் கிளி கொத்தினால் துத்தநாக விஷம் ஏறும். தூரிகையும் வினிகரும் போட்டுத் தேய்த்துக் கழுவி, சில வாரம் வெயில் மழையில் விட்டுப் பிறகே கிளியை விட வேண்டும்.

இரண்டு, புயல். 2011 டிசம்பர் 30-ல் 'தானே' புயல் கரையைக் கடந்தது நம்ம இரண்டு ஊருக்கும் நடுவில். 2016-ல் வர்தா வண்டலூரில் மரங்களைச் சாய்த்து, சுற்றுச்சுவரை உடைத்து, பூங்காவையே மூட வைத்தது. ஆகவே அடைப்புக்கு வெளியே, வேலிமேல் விழும் தூரத்தில் பெரிய மரம் இருக்கக் கூடாது. ஒவ்வொரு விலங்குக்கும் கான்கிரீட் கூரை போட்ட இரவறை வேண்டும், நாலு நாள் தீனியும் ஜெனரேட்டரும் கையிருப்பில் இருக்க வேண்டும்.

என் கருத்து: புலி, சிங்கம் கனவை விட்டுவிட்டு, பிடிபட்டு மறுபடி விட முடியாத உள்ளூர் முதலைகளுக்கு ஒரு நல்ல காட்சியிடம் என்றால் பொருத்தம். மணல்மேடு ஆழமாக, பாதி வெயில் பாதி நிழல். சுவருக்கு அடியில் ஒரு மீட்டருக்குக் குறையாத அஸ்திவாரம், இந்த முதலை வளை தோண்டும். சங்கிலிக் கம்பிவேலி வேண்டாம், அதில் ஏறும். வழவழப்பான சுவர், மேலே உள்பக்கம் வளைந்த விளிம்பு.

கெடிலக்கரை

கையேட்டில் வம்சாவளிக் கணக்கு, 30 நாள் தனிமை, முதலை முட்டை மூன்றும் போகிறது. பிள்ளைகள் வண்டலூரில் நேரில் எதைக் கவனிக்கலாம் என்று ஒரு வரி சொன்னால் முடித்துவிடுவேன்.

ஊசுட்டேரி நாரை

சிங்கவால் குரங்கு அடைப்பில் அரை மணி நேரம் நில்லுங்கள், செவ்வாய் விடுமுறை என்பதால் வேறு நாளில். வளர்ந்த ஆண் எத்தனை, குட்டியைச் சுமக்கும் பெண் எத்தனை, அந்தக் குட்டியை வேறு எந்தப் பெண்கள் வாங்கிப் பார்க்கின்றன என்று பிள்ளைகள் நோட்டில் குறிக்கட்டும். பிறகு அந்த எண்ணை ஆண்.பெண்.தெரியாதது என்று எழுதி, நீங்கள் எடுத்த பட்டியலோடு ஒப்பிடுங்கள். மார்ச் 31-க்குப் பிறகு பிறப்பு, இறப்பு, வரவு, அனுப்பியது எல்லாம் சேர்ந்து எண்ணிக்கை எவ்வளவு மாறியது என்பது அந்த வித்தியாசத்தில் தெரியும். இரவறையில் இருப்பது கணக்கில் வராது, அதைக் காப்பாளரிடம் கேட்டு எழுதச் சொல்லுங்கள்.